எந்த எஞ்சின், எந்த ஊர், எந்த வருடம்?
வாசகர் கேள்வி–பதில்: பழைய பிரிட்டிஷ் ரயில் படங்கள்

கேள்வி: ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் பின்புறம் 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன், 1958' என்று எழுதியிருக்கிறது. எஞ்சினின் எண் 60103. புகைபோக்கிக்கு இருபுறமும் தகடுகள் நிற்கின்றன. இந்த வருடத்தை நம்பலாமா?

நம்ப வேண்டாம். எஞ்சின் சரி, வருடம்தான் தவறு. அந்தத் தகடுகள் டிரைவரின் பார்வையை மறைக்காமல் புகையை மேலே தள்ளுவதற்காக வைக்கப்பட்டவை. இந்த எஞ்சினில் அவை ஏறியது 1961 டிசம்பரில். அதற்கு முந்தைய மாற்றமான இரட்டைப் புகைபோக்கிகூட 1959-இல்தான் வந்தது. 1963 ஜனவரியில் பிரிட்டிஷ் ரயில்வே இதைப் பணியிலிருந்து எடுத்துவிட்டது. எனவே ரயில்வே சேவையில் இருந்தபோது எடுத்த படம் என்றால், அது இந்த 13 மாதங்களுக்குள்தான் அடங்கும்.

'என்றால்' என்று சொல்லக் காரணம் உண்டு. தனியார் கைக்குப் போனதும் தகடுகளைக் கழற்றி, ஒற்றைப் புகைபோக்கியும் 4472 என்ற பழைய எண்ணும் பச்சை வண்ணமும் கொடுத்தார்கள். 1993-இல் இரட்டைப் புகைபோக்கியும் தகடுகளும் திரும்ப வந்தன. 2016-இல் பெரும் பழுதுபார்ப்பு முடிந்து ஓடியபோதும் அதே 60103, அதே தகடுகள். ஆகவே எஞ்சினைப் பார்த்து முடித்ததும் பின்னணியைப் பாருங்கள். பக்கத்துத் தடத்தில் நிற்கும் பெட்டிகள், மேலே மின்கம்பி, மேடையில் நிற்பவர்களின் உடை ஆகியவை பொய் சொல்வது குறைவு.

எந்தப் படத்துக்கும் இதே முறைதான். ஒவ்வொரு தடயமும் 'இதற்கு முன் இருக்க முடியாது' அல்லது 'இதற்குப் பின் இருக்க முடியாது' என்று ஒரு பக்கத்தை மட்டும் அடைக்கும். இரு பக்கமும் அடைபட்டு நடுவில் மிஞ்சுவதே தேதி. பின்புறக் குறிப்பு பல வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்டதாக இருக்கலாம். அதைக் கடைசியில் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

கேள்வி: எண் பாதிதான் தெரிகிறது. ஐந்து இலக்கம், முதல் இலக்கம் 4. இதை வைத்து எதையாவது சொல்ல முடியுமா?

நிறையவே சொல்லலாம். 1923 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் பெரும்பாலான ரயில் கம்பெனிகள் நான்காகத் தொகுக்கப்பட்டன: லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் எனும் எல்.எம்.எஸ்., லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் எனும் எல்.என்.இ.ஆர்., கிரேட் வெஸ்டர்ன், சதர்ன். 1948 ஜனவரி 1 அன்று நான்கும் தேசியமயமாகி பிரிட்டிஷ் ரயில்வே ஆயின. எண்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க சதர்ன் நீராவி எஞ்சின்களின் எண்ணோடு 30000, எல்.எம்.எஸ். எண்ணோடு 40000, எல்.என்.இ.ஆர். எண்ணோடு 60000 கூட்டினார்கள். கிரேட் வெஸ்டர்ன் எண்கள் மட்டும் மாறவில்லை. பிரிட்டிஷ் ரயில்வே தானே வடிவமைத்த எஞ்சின்கள் 70000-இல் தொடங்கும். 1960 மார்ச்சில் ஸ்விண்டனில் கட்டி முடித்த கடைசி நீராவி எஞ்சினின் எண் 92220.

ஆக, 4-இல் தொடங்கும் ஐந்திலக்க எண் எல்.எம்.எஸ். வழி வந்தது, படம் 1948-க்கு முந்தையது அல்ல. 44658-க்கும் 45499-க்கும் இடையில் விழுந்தால் அது 'பிளாக் ஃபைவ்' வகை. 842 கட்டினார்கள், அதனால் எல்.எம்.எஸ். பகுதிப் படங்களில் இது அடிக்கடி வரும்.

வழுக்கும் இடங்களும் உண்டு. ஐந்திலக்கம் என்பதாலேயே 1948-க்குப் பின் என்று முடிவு கட்டக் கூடாது. எல்.எம்.எஸ். தன் ஸ்காட்லாந்து எஞ்சின்கள் பலவற்றுக்கு 1923-க்குப் பிறகு 14000-களிலிருந்து 17000-கள் வரையிலான எண்களைக் கொடுத்திருந்தது. டெண்டரில் (எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் நீரும் சுமக்கும் வண்டி) எல்.எம்.எஸ். என்ற எழுத்துகளோடு 17-இல் தொடங்கும் எண் இருந்தால் அது தேசியமயத்துக்கு முந்தைய கோலம். எல்.என்.இ.ஆர். 1946-இல் ஏறக்குறைய எல்லா எஞ்சின்களுக்கும் எண்ணை மாற்றியது. ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன் 1472, 4472, 502, 103, 60103 என்று ஐந்து எண்களைப் பார்த்தது. மல்லார்ட் என்ற இன்னொரு எல்.என்.இ.ஆர். எஞ்சின் 4468, பிறகு 22, பிறகு 60022. 1948 தொடக்க மாதங்களில் சில எஞ்சின்கள் பழைய எண்ணுக்கு முன்னால் இ, எம், எஸ், டபிள்யூ என்ற எழுத்தில் ஒன்றோடு ஓடின. அந்த எழுத்து தெரிந்தால் தேதியை மிகவும் நெருக்கிவிடலாம். சதர்னின் பொறியாளர் புல்லிட் வடிவமைத்த எஞ்சின்கள் முதலில் 21சி1 என்ற பாணியில் எண் பெற்றவை. அதுவே 1948-க்குப் பின் 35001.

கேள்வி: எண்ணே தெரியவில்லை. முன்பக்கம் மட்டும் தெளிவாக இருக்கிறது.

விளக்குகளைப் பாருங்கள். பஃபர் (முன்பக்கத்தின் இரு ஓரத்திலும் நீட்டி நிற்கும் மோதுதாங்கி) ஒவ்வொன்றின் மேலும் ஒரு விளக்கு இருந்தால் எக்ஸ்பிரஸ் பயணி ரயில். புகைபோக்கியின் அடியில் ஒற்றை விளக்கு இருந்தால் எல்லா நிலையங்களிலும் நிற்கும் சாதாரண ரயில். பகலில் விளக்கு எரியாது, எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது என்பதுதான் குறி. சதர்ன் பகுதியில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே வெள்ளை வட்டத் தட்டுகளின் அமைப்பு ரயிலின் வகையை அல்ல, போகும் வழியைக் காட்டும்.

அடுத்து, புகைப்பெட்டிக் கதவின், அதாவது எஞ்சின் முகத்தில் உள்ள வட்டக் கதவின், அடிப்பகுதியில் சிறிய நீள்வட்டத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் எஞ்சின் எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்ற குறியீடு இருக்கும்: 1ஏ வில்ஸ்டன், 34ஏ கிங்ஸ் கிராஸ், 70ஏ நைன் எல்ம்ஸ், 81ஏ ஓல்ட் ஓக் காமன். இந்த ஏற்பாடு எல்.எம்.எஸ்.ஸில் 1935-இல் தொடங்கி 1950-இல் நாடு முழுவதும் பரவியது. எனவே எல்.எம்.எஸ். அல்லாத எஞ்சினில் இந்தத் தகடு இருந்தால் படம் 1950-க்கு முன்னால் போகாது. குறியீடுகளும் இடையில் மாறின. லீட்ஸ் ஹோல்பெக் 20ஏ-ஆக இருந்து 1957-இல் 55ஏ ஆனது.

பக்கவாட்டில் டெண்டரும் தெரிந்தால் வேலை எளிது. 'பிரிட்டிஷ் ரயில்வேஸ்' என்று முழுதாக எழுதியிருந்தால் 1948–49 வாக்கில் தீட்டியது. சக்கரத்தின் மேல் சிங்கம் நிற்கும் சின்னம் 1949-இலும், சக்கரத்தைப் பிடித்த சிங்கம் 1956-இலும் வந்தன. இந்த இரண்டாவது சின்னத்தில் முதலில் சிங்கம் எஞ்சினின் இருபுறமும் முன்னோக்கியே பார்த்தது. இலச்சினை விதிப்படி அது தவறு என்று எதிர்ப்பு வந்ததால் பிறகு இருபுறமும் இடப்பக்கமே பார்க்கும்படி மாற்றினார்கள். வலப்பக்கம் பார்க்கும் சிங்கம் அகப்பட்டால் அந்த வண்ணப்பூச்சு சின்னம் வந்த தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தது.

ஒன்றை மறக்காதீர்கள்: சின்னம் சொல்வது எஞ்சினுக்கு வண்ணம் பூசிய காலத்தை. புதுச் சின்னம் வந்த பிறகும் பழைய பூச்சோடு சில வருடம் ஓடிய எஞ்சின்கள் ஏராளம்.

கேள்வி: படத்தில் எஞ்சின் கரியாகத் தெரிகிறது. அப்படியென்றால் கறுப்பு வண்ணம்தானே?

இல்லை. பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் தட்டுகளும் ஃபிலிமும் சிவப்பொளியை உணராதவை. மிட்லண்ட் கம்பெனியின் கருஞ்சிவப்பு எஞ்சின் அதில் கறுப்பாகவே விழும். நீலமோ வெளுத்துப் போகும். வண்ணத்தைக் கறுப்பு வெள்ளைச் சாயலிலிருந்து ஊகிக்காமல் கோடுகளின் அமைப்பு, எழுத்து, சின்னம் ஆகியவற்றிலிருந்து முடிவு செய்யுங்கள்.

கணினி தானாக வண்ணமேற்றும் செயலிகளை இந்த வேலைக்கு நம்பவே கூடாது. கூர்மையாக்கும் செயலிகள் இன்னும் மோசம். மங்கிய 3 அவற்றின் கையில் அழகான 8 ஆகிவிடும். எண்ணைப் படிக்க வேண்டுமானால் மூல ஸ்கேனில் இருண்ட பகுதியை மட்டும் சற்று வெளுக்க வைத்துப் பெரிதாக்குங்கள். 3–8, 5–6, 6–0 ஆகியவைதான் வழக்கமாக ஏமாற்றும். இரண்டு வாய்ப்பையும் எழுதிக்கொண்டு, எந்த எண் அந்த வகை எஞ்சினுக்கு உரியது என்று பாருங்கள். பாதி நேரம் ஒன்று தானாகவே விழுந்துவிடும்.

கேள்வி: நெகட்டிவைத் திருப்பிப் போட்டு ஸ்கேன் செய்துவிட்டார்களோ என்று சந்தேகம். படத்தில் எழுத்து எதுவும் இல்லை.

கைகாட்டியைப் பாருங்கள். பிரிட்டனில் கைகாட்டிப் பலகை, அது யாருக்காக நிற்கிறதோ அந்த டிரைவரின் கண்ணுக்குக் கம்பத்தின் இடப்பக்கம் நீளும். இரட்டைத் தடத்தில் ரயில் இடப்பக்கத் தடத்தில் ஓடும். இரண்டும் தலைகீழாக இருந்தால் படம் திரும்பியிருக்கிறது.

அதே கைகாட்டி இடத்தையும் சொல்லும். 'வரலாம்' என்பதற்குப் பலகை கீழே சாய்வது கிரேட் வெஸ்டர்ன் கடைசிவரை விடாத பழக்கம். மற்ற மூன்று கம்பெனிகள் 1920-களிலிருந்து மேலே உயரும் வகைக்கு மாறின. மேலே உயர்ந்திருந்தால் கிரேட் வெஸ்டர்ன் பகுதியாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. கீழே சாய்ந்திருந்தால் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது, பழைய வகை மற்ற பகுதிகளிலும் வெகுகாலம் நின்றது.

கேள்வி: 1960, 70-களின் டீசல் எஞ்சின் படங்கள் பத்துப் பதினைந்து இருக்கின்றன. எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?

முகத்தில் உள்ள மஞ்சளை வைத்து முதலில் அடுக்குங்கள். மஞ்சளே இல்லாத பச்சை முகம் எல்லாவற்றிலும் பழையது, சிறு மஞ்சள் கட்டம் 1962 வாக்கிலிருந்து, முகம் முழுதும் மஞ்சள் 1967 வாக்கிலிருந்து. இரட்டை அம்புச் சின்னம் 1965. எண்ணுக்கு முன்னால் 'டி' இருந்தால் பெரும்பாலும் 1968-க்கு முந்தையது. அந்த ஆகஸ்டில் நீராவி ஓட்டம் முடிந்ததும் அந்த எழுத்து தேவையில்லாமல் போய்ப் படிப்படியாக மறைந்தது. 47, 55 என வகை எண்ணோடு தொடங்கும் புது எண்கள் 1973-லிருந்து பரவின. பழைய எண் வரிசையே புது எண்ணிலும் தொடரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்: டெல்டிக் வகையில் டி9001 ஆனது 55 001, ஆனால் டி9000 ஆனது 55 022.

முகத்தில் உள்ள நான்கெழுத்துப் பெட்டி பெரிய உதவி. முதல் இலக்கம் ரயிலின் வகை. 1 என்றால் எக்ஸ்பிரஸ், 2 என்றால் உள்ளூர் பயணி ரயில். வேறு மண்டலத்துக்குப் போகும் ரயிலில் அடுத்த எழுத்து சேருமிடத்தின் மண்டலம்: எஸ் ஸ்காட்லாந்து, வி மேற்கு, எம் லண்டன் மிட்லண்ட், இ கிழக்கு, ஓ தெற்கு. இந்த ஓ-வைப் பூஜ்யமாகப் படித்துக் குழம்புவோர் பலர். 1976-இல் இந்தக் குறியீட்டைக் காட்டுவது நின்றது. அதனால் நான்கு பூஜ்யங்களோ, கறுப்புப் பின்னணியில் இரண்டு வெள்ளைப் புள்ளிகளோ இருந்தால் படம் 1976 அல்லது அதற்குப் பின்.

நீராவிப் படங்களுக்கும் இந்தக் காலத்தில் ஒரு நல்ல தடயம் உண்டு. டிரைவர் அறையின் பக்கவாட்டில் குறுக்காக மஞ்சள் பட்டை இருந்தால், குரூ என்ற ஊருக்குத் தெற்கே மின்கம்பிகளின் கீழ் ஓட 1964 செப்டம்பர் 1 முதல் தடை செய்யப்பட்ட எஞ்சின் அது.

கேள்வி: எஞ்சின் இல்லை, பெட்டிகள் மட்டும். தேதி காண வழி உண்டா?

கதவில் '3' என்ற இலக்கம் தெரிந்தால் ஏறத்தாழ 1956-க்கு முன். அந்த ஜூன் 3 அன்று மூன்றாம் வகுப்பு இரண்டாம் வகுப்பாகப் பெயர் மாறியது. இலக்கம் இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வண்ணப்படமாக இருந்தால் கருஞ்சிவப்பும் வெண்மஞ்சளும் 1949 முதல் 1956 வரை தீட்டியது, அதன் பிறகு மெரூன், 1960-களின் நடுவிலிருந்து நீலமும் சாம்பலும்.

கேள்வி: ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

மாறாதவற்றைத் தேடுங்கள்: பாலத்தின் வளைவு, தடம் வளையும் திசை, சிக்னல் அறையின் இருப்பிடம், தேவாலயக் கோபுரம். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஆர்டனன்ஸ் சர்வே எனும் பிரிட்டிஷ் நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் ஒவ்வொரு கிளைத் தடமும் நடைமேம்பாலமும் தெரியும். ஷெட் குறியீடு மட்டும் போதாது, எஞ்சின் வீட்டிலிருந்து வெகுதூரம் போய் வரும்.

கேள்வி: ஸ்கேன் செய்யும் அளவுகள்?

அச்சுப் படத்துக்கு 600 டி.பி.ஐ.; 15×10 செ.மீ. படம் ஏறத்தாழ 3500×2400 புள்ளிகள் தரும். 35 மி.மீ. நெகட்டிவுக்கு 3200. மூலத்தை டிஃப் கோப்பாக, 16 பிட்டில் வையுங்கள். பகிர்வதற்கு ஜேபெக் நகல் எடுங்கள். ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசி நீக்கும் வசதியைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கும் கோடாகுரோம் ஸ்லைடுக்கும் அணைத்து வையுங்கள். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படத்தை உருவாக்கும் வெள்ளி அகச்சிவப்பை மறிப்பதால் அது படத்தையே தூசி என்று எண்ணி அரித்துவிடும். கோடாகுரோமிலும் இதே கோளாறு வரும்.

1950-க்கு முந்தைய ஃபிலிம் பிசுபிசுத்து, மஞ்சளடித்து, நெடி வீசினால் அது எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட்டாக இருக்கலாம். ஸ்கேனரில் வைக்காதீர்கள், எரித்துச் சோதிக்காதீர்கள். தனியே, குளிர்ச்சியான இடத்தில் வைத்துவிட்டு ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள். ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சாகி, வினிகர் வாசனை வந்தால் அது அசிட்டேட். தீ அபாயம் இல்லை, ஆனால் சிதைந்துகொண்டிருக்கிறது. முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள்.

கேள்வி: ஏலத்தில் வாங்கிய நெகட்டிவ்கள் என் சொத்து. நான் விரும்பியபடி வெளியிடலாம் அல்லவா?

நெகட்டிவ் உங்களுடையது, பதிப்புரிமை பெரும்பாலும் உங்களுடையது அல்ல. பிரிட்டனில் பொதுவான காலம், எடுத்தவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 70 வருடம். விற்றவர் உரிமையை எழுத்தில் மாற்றித் தந்திருந்தால் மட்டும் கதை வேறு. முதலில் பின்புற முத்திரையைப் பார்த்து எடுத்தவரைத் தேடுங்கள். முறையாகத் தேடியும் உரிமையாளர் அகப்படாவிட்டால், பிரிட்டிஷ் அறிவுசார் சொத்து அலுவலகம் 2014-லிருந்து உரிமையாளர் தெரியாத படைப்புகளுக்கு உரிமம் வழங்குகிறது. அந்தப் பின்புற முத்திரையையும் ஸ்கேன் செய்து படத்தோடு சேர்த்து வையுங்கள்.

கேள்வி: பகிரும்போது விவரக் குறிப்பில் என்ன எழுதுவது?

கண்ணால் பார்த்ததையும் ஊகித்ததையும் கலக்காதீர்கள். 'எண் 60103, தகடுகள் தெரிகின்றன' என்பது ஒரு வரி. 'எனவே 1961 டிசம்பர்–1963 ஜனவரி' என்பது அடுத்த வரி. பின்புறத்தில் இருந்த எழுத்து, தவறானாலும் அப்படியே மேற்கோளில், மூன்றாவது வரி. படத்தை வெட்டாமல் முழுதாகக் கொடுங்கள். ஓரத்தில் அரைகுறையாகத் தெரியும் கம்பம்தான் சில சமயம் ஊரைச் சொல்லும். யாராவது திருத்தம் சொன்னால் எந்தத் தடயத்தை வைத்து என்று கேளுங்கள். தடயத்தோடு வந்தால் தேதியை மாற்றி, முந்தைய தேதியையும் பக்கத்தில் விட்டுவையுங்கள். அச்சுப் படத்தின் பின்னால் எழுதுவதானால் மென்மையான 2பி பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள்.