உரக்குவியலிலிருந்து ஓடைக்குப் போகும் பழுப்பு நீர்

காய்கறிக் கழிவும் இலையும் போட்டு மட்கவைக்கும் உங்கள் உரக்குவியலிலிருந்து பழுப்பு நீர் ஓடைக்கு வடிகிறது, வாய்க்கால் வெட்டித் திருப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாய்க்கால் வெட்டுவதெல்லாம் அப்புறம், முதலில் குவியலுக்கு மேலே தார்ப்பாய் போடுங்கள், பக்கவாட்டில் காற்றுப் போக இடைவெளி விட்டு. மழைநீர் உள்ளே இறங்காவிட்டால் ஓடைக்குப் போகும் பழுப்புத் தண்ணீர் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நாற்றமும் அடிக்கிறது என்கிறீர்கள், அப்படியென்றால் காய்கறிக் கழிவு கூடி, காய்ந்த இலை குறைந்திருக்கும். நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி, விரலிடுக்கில் ஒழுகினால் சருகோ மரத்தூளோ கிழித்த அட்டைப்பெட்டியோ தாராளமாகப் போட்டு அடிவரை கிளறுங்கள்.

வடிந்த நீரைத் தயவுசெய்து மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) ஓடையில் பாசியைப் பெருக்கும், அந்தப் பாசி மடிந்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்துப்போகும்.

ஒன்று மட்டும்: குவியல் கரையை ஒட்டியே இருந்தால் தார்ப்பாய் போதாது, மேட்டுக்கு மாற்றத்தான் வேண்டும்.