அரசாங்க வீட்டுத்திட்டத்தை நம்பி மட்டக்களப்பில் ஒரு சாதாரணக் குடும்பம் வீடு கட்ட முடியுமா?

கட்டலாம். ஆனால் திட்டக் காசு மட்டும் போதும் என்று இறங்கினால் கதவு யன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தோடு நின்றுவிடும். களுவாஞ்சிகுடிப் பக்கம் வீட்டுக்குப் பிளான் கீறிக் கொடுப்பது என் தொழில். அரைகுறைச் சுவர்களை வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் நிறையவே பார்த்துவிட்டேன்.

முதலில் ஒன்று. எங்கள் பக்கத்தில் கட்டிய வீட்டை விலைக்கு வாங்குகிறவர்கள் குறைவு. தமிழரிலும் முஸ்லிம்களிலும் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிற சொத்து. மூத்தவளுக்குக் கல்யாணம் முடிந்தால் தாய் தகப்பன் இருந்த வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் மூலையில் ஒரு கொட்டில் போட்டு ஒதுங்குவார்கள். அப்புறம் அடுத்தவளுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்குவார்கள். மூன்று பெண் என்றால் மூன்று வீடு. கட்டாருக்கும் சவூதிக்கும் போன பலரின் உழைப்பு இப்படித்தான் கல்லும் சீமெந்துமாகப் போனது. அரசாங்கமோ குடும்பத்தைத்தான் எண்ணுகிறது. கல்யாணம் ஆகாத மகளுக்கு என்று விண்ணப்பம் போட்டால், அவள் தனிக் குடும்பம் இல்லையே என்பார்கள். வீடு இல்லாததால்தான் கல்யாணம் ஆகவில்லை என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் ஏது?

காசுக்கு வருவோம். போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. பிறகு, நாட்டிலுள்ள 14,022 கிராம சேவகர் பிரிவுகளிலும் பிரிவுக்கு ஒரு வீடு என்று வந்த திட்டத்தில் 6 இலட்சம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டபோது சீமெந்தும் கம்பியும் எங்கேயோ போய்விட்டன, அந்த 6 இலட்சம் அப்படியே இருந்தது. அதுவும் மொத்தமாகக் கைக்கு வராது. அத்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் இன்னொன்று. அடுத்த தவணை வரும்வரை நகையை அடகு வைத்துத்தான் மேசனுக்குக் கூலி. இடையில் ஆட்சி மாறினால் அதுவும் போச்சு. 2019 கடைசியில் அரசாங்கம் மாறியபோது, மாதிரிக் கிராமத் திட்டத்தில் கட்டத் தொடங்கியவர்கள் பலர் மிச்சத் தவணை வராமல் கடனோடு நின்றார்கள். முழுதாகக் கட்டினாலும் நிச்சயமில்லை. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமிக்குப் பிறகு சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள், யாருக்குக் கொடுப்பது என்று உச்ச நீதிமன்றம் வரை போய், ஆண்டுக்கணக்காகப் பற்றை மண்டிக் கிடந்தன.

ஆனாலும் காசை விடப் பெரிய சிக்கல் காணிதான் என்பேன். படுவான்கரையில் பலருடைய வளவுக்குச் சொந்தப் பத்திரமான காணி உறுதி கிடையாது, அரச காணிக்குக் கொடுக்கும் அனுமதிப்பத்திரமான பேர்மிட்தான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி கொடுத்த காணியை நினைத்தபடி பிரிக்கவோ விற்கவோ முடியாது, வங்கியில் ஈடு வைப்பதும் இலகுவில்லை. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரைப் பதியாமல் உரிமையாளர் இறந்தால், பிள்ளைகளில் ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்ற ஏற்பாடு அண்மைக்காலம் வரை இருந்தது. வீட்டைப் பெண்ணுக்குக் கொடுக்கும் ஊருக்கு இப்படி ஒரு சட்டம்! சுவர் தங்கச்சிக்கு, நிலம் அண்ணனுக்கு என்று பிரதேச செயலகத்தில் வந்து நிற்கிற குடும்பங்கள் இதனால்தான். வீட்டுக் காசு கொடுப்பதற்கு முன் இந்தப் பத்திரங்களைச் சீர்செய்து கொடுத்தாலே பாதிப் பேர் தாங்களாகக் கட்டிக்கொள்வார்கள் என்பது என் எண்ணம். எழுவான்கரையில், அதிலும் காத்தான்குடிப் பக்கம், பத்திரம் சரியாக இருந்தாலும் பிரிக்க இடமே இல்லை. அது வேறு கதை.

சரி, நீங்கள் கட்டத்தான் போகிறீர்கள் என்றால் பேர்மிட்டில் யார் பெயர் இருக்கிறது, பின்னுரித்தாளர் யார் என்று முதலில் பாருங்கள். பிளானைச் சிறிதாக வையுங்கள். இந்தியத் திட்டம் கேட்டது 550 சதுர அடி. மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பார்கள் என்று முன்னுக்குப் போட்டிக்கோவும் பெரிய ஹோலும் வைத்து 900 அடிக்குக் கீறச் சொல்லுகிறவர்கள்தான் அதிகம். நானும் வேண்டாம் என்று சொல்லிப் பார்ப்பேன், கேட்கமாட்டார்கள். ஒரு அறை, குசினி, கக்கூஸ் மூன்றுக்கும் கூரை போட்டு முடியுங்கள். மற்ற அறைகளுக்கு அத்திவாரம் மட்டும் இப்போதே போட்டு வைக்கலாம். வடகீழ்ப் பருவமழைக்கு முன் கூரை ஏறாது என்று தெரிந்தால், அந்த வருசம் சுவரைத் தொடங்காதீர்கள்.