டிரைவர் கூடினால் ஒலி கூடுமா?

கேள்வி: என் அறை 10-க்கு 12 அடி. ஸ்பீக்கரிலிருந்து ஆறடி தள்ளி உட்கார்ந்து பாட்டு கேட்பேன். குரல் தெளிவாக இருந்தால் போதும். டூ-வே, த்ரீ-வே இரண்டும் ஒரே விலையில் கிடைக்கின்றன. த்ரீ-வேதானே மேல்?

பதில்: உங்களுக்கு டூ-வேதான் சரி. பெட்டிக்குள் ஒலியை எழுப்பும் பாகம்தான் டிரைவர். டூ-வேயில் கீழ் ஒலிக்குப் பெரிய வூஃபர், உச்ச ஒலிக்குச் சின்ன ட்வீட்டர் என இரண்டு வகை. த்ரீ-வேயில் நடு ஒலிக்கு மிட்ரேஞ்ச் என்று மூன்றாவதும் சேரும்.

நம் காது 20 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 20 அதிர்வு) முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். 20 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 17 மீட்டர். 20,000-இல் அது 2 சென்டிமீட்டர்கூட இல்லை. பேஸுக்கு, அதாவது கனத்த கீழ் ஒலிக்கு, நிறையக் காற்றைத் தள்ள வேண்டும், அதற்கு டிரைவரில் அதிரும் கோன் பெரிதாக இருக்க வேண்டும். அதே கோனை விநாடிக்குப் பத்தாயிரம் முறை அசைக்கப் பார்த்தால் அதன் எடை இடம் கொடுக்காது. தவிர, அலையின் நீளம் கோனின் அகலத்துக்கு இறங்கியதும் ஒலி டார்ச் வெளிச்சம் போல முன்பக்கமே குவியத் தொடங்கும். ஆறரை அங்குல வூஃபரில் இது 2,000 ஹெர்ட்ஸ் வாக்கில் நடக்கிறது. அதையொட்டித்தான் வேலையைச் சின்ன ட்வீட்டரிடம் ஒப்படைக்கிறார்கள்.

ஒப்படைப்பது பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவர் என்ற மின்சுற்று. அதிலுள்ள காயில் உச்ச ஒலிகளைத் தடுத்து பேஸை வூஃபருக்கு விடும். கெப்பாசிட்டர் பேஸைத் தடுத்து ட்வீட்டரைக் காப்பாற்றும். ஸ்பீக்கரின் தரத்தில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது என்பேன். ஒப்படைக்கும் இடத்தில், அதாவது அந்த 2,000 ஹெர்ட்ஸ் வாக்கில், இரண்டு டிரைவரும் ஒரே ஒலியைத் தருகின்றன. அலைகள் எதிரெதிராக வந்து சேர்ந்தால் அந்த இடம் அமுங்கிவிடும். த்ரீ-வேயில் இப்படி இரண்டு இடங்கள். அதே விலைக்குள் இன்னொரு டிரைவரும் கூடுதல் காயில்களும் சேர்க்க வேண்டுமென்றால் எதிலாவது கை வைத்துத்தான் ஆக வேண்டும். வெளியே தெரியாத கிராஸ்ஓவர்தான் அதற்குச் சுலபமான இடம்.

நன்றாகச் செய்த த்ரீ-வே அருமையானது. குரலின் பெரும்பகுதி மிட்ரேஞ்ச் டிரைவரிலேயே வரும். வூஃபரின் ஆட்டம் அதைக் கலக்காது. பெரிய அறை, தாராளமான பட்ஜெட் என்றால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் உயரமான பெட்டியில் மேலும் கீழுமாக இருக்கும் டிரைவர்களின் ஒலி ஒன்றுசேர தூரம் வேண்டும், ஆறடி பல நேரம் பற்றாது. இவ்வளவு கிட்டத்தில் கேட்பவர்கள் கோஆக்சியலையும் பார்க்கலாம். அதில் வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டர் உட்கார்ந்திருக்கும்.

வாங்கும் முன், நன்கு பழகிய ஒரு குரலைப் போட்டு, ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கும்படி அதே ஆறடியில் உட்காருங்கள். அப்புறம் தலையை ஒரு சாண் உயர்த்தி, தாழ்த்திப் பாருங்கள். குரலின் தன்மை சட்டென்று மாறினால் அந்த ஜோடி வேண்டாம். பேஸ் குறைவாகத் தோன்றினால் பிற்பாடு பேஸுக்கென்றே உள்ள ஒரு சப்வூஃபர் சேர்த்து, 80 ஹெர்ட்ஸ் வாக்கில் பிரித்து, அதற்குக் கீழே உள்ளதை அதனிடம் விட்டுவிடுங்கள்.