பெயர் தெரியாத ஆவிக்கு நாமே பெயர் வைத்து அழைக்கலாமா?

கேட்டிருப்பது இரண்டு விஷயம். மந்திர வேலையில் ஆவியின் பெயருக்கு ஏன் இவ்வளவு மரியாதை? பெயர் தெரியாவிட்டால் நாமே ஒன்றை வைக்கலாமா, அல்லது இணையத்தில் கிடைக்கும் பட்டியலிலிருந்து எடுக்கலாமா?

நான் திருகோணமலை. என் அம்மப்பா மூதூர்ப் பக்கம் ஒரு சின்னக் காளி கோயிலில் பூசாரியாக இருந்தவர். பேய் பார்ப்பதும் கழிப்புக் கழிப்பதும் அந்த வேலையோடு சேர்ந்தே வந்தன. எனக்கு இதில் நம்பிக்கை பாதிதான். ஆனால் பெயர் விஷயத்தில் அவர் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் முறையில் பூசாரி பெயர் வைப்பதில்லை, கேட்டு வாங்குவார். உடுக்குச் சத்தம் ஏறி, ஆள் ஆடத் தொடங்கியதும் முதல் கேள்வி, "ஆர் நீ?" அப்புறம், "எந்த ஊர்? எங்க வைச்சுப் பிடிச்சனி? என்ன வேணும்?" முதலில் வரும் பதில் பெரும்பாலும் பொய். "நான் காளி", "நான் வைரவர்" என்று பெரிய இடத்துப் பெயராக வரும். பெரிய பெயருக்கு மடையும் (படையல்) பெரிதாகக் கிடைக்கும், அதுக்குத் தெரியாதா என்ன! அம்மப்பா அசைய மாட்டார். "தெய்வமெண்டா ஏன் இந்தப் பிள்ளையை வதைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்பார். கற்பூரத்தைக் கொளுத்தி, அதில் அடித்துச் சத்தியம் பண்ணச் சொல்வார். தேசிக்காய் வெட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கடைசியில் வரும் பெயர் எப்போதும் சின்னது. கிணற்றில் விழுந்த பெரியம்மா, பிள்ளைப்பேற்றில் செத்த ஒருத்தி. அதைக் கேட்டதும் வீட்டுக்காரர்களின் முகம் மாறும், ஏனென்றால் அவர்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. 2004 சுனாமிக்குப் பிறகு, உடல் கிடைக்காமல் போனவர்களின் பெயர்கள் இப்படி வந்ததைக் கேட்டிருக்கிறேன். குணமாவதில் பாதி இந்த இடத்தில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். பெயர் வெளியே வந்துவிட்டால், அந்த ஆளுக்கு என்ன பாக்கி என்று பேசலாம். கன்னியா வெந்நீரூற்றடியில் கிரியை செய்யாமல் விட்டதா, பங்குக் காணியை யாரோ பிடித்து வைத்திருப்பதா? (இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் கன்னியா என்பது எங்கள் ஊர் ஐதீகம்.) பெயரில்லாத ஒன்றோடு கணக்குத் தீர்க்க முடியாது.

மற்ற இடங்களிலும் இது இருக்கிறது. மாற்கு சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரத்தில் இயேசு அசுத்த ஆவியிடம் பெயரைக் கேட்கிறார். "லேகியோன்" என்று பதில் வருகிறது. பழைய எகிப்தியக் கதையில் ஐசிஸ் பாம்பை விட்டுக் கடிக்க வைத்து, சூரியக் கடவுள் ராவின் ரகசியப் பெயரைக் கறந்துவிடுகிறாள். இரண்டிலும் பெயர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது, கேட்பவர் கற்பனை செய்து வைப்பதில்லை.

அப்படியானால் புதுப்பெயரே பிறப்பதில்லையா என்றால், பிறக்கிறது. ஊர் வைக்கிறது. ஆலமரத்தடியில் இருந்தால் ஆலடி வைரவர், புளியமரத்தடி என்றால் புளியடி வைரவர். இலங்கையின் பழங்குடிகளான வேடர்களில் கிழக்குக் கரையோரம் இருந்தவர்களிடம் 'கப்பல்பேய்' என்று கடல்வழி வந்த ஆவிகள் இருந்ததை மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார்கள். இடமோ வந்த வழியோ பெயராகிறது. அதோடு ஒரு பொறுப்பும் ஒட்டிக்கொள்கிறது: வருஷா வருஷம் மடை வைக்க வேண்டும். பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டுச் சோறு போடாமல் விட முடியுமா? ஒரு தனி ஆள் அறைக்குள் இருந்து பெயர் வைத்தால் அந்த மடையை யார் வைப்பது?

பெயர் சொல்வதே அழைப்பதுதான் என்ற பயமும் எங்களிடம் உண்டு. இராத்திரியில் பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள். கொப்புளிப்பான் வந்தால் "அம்மாள் வந்திருக்கு" என்பார்கள்.

இனிப் பட்டியல். நீங்கள் பார்த்தது அநேகமாக சாலமோன் அரசன் பெயரால் வழங்கும் 72 ஆவிகளின் பட்டியலாக இருக்கும். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்துப் பிரதிகளில் உள்ளது அது. (முஸ்லிம்கள் சாலமோனைச் சுலைமான் நபி என்பார்கள். எங்கள் பக்கத்துக் கிண்ணியாவில் கேட்டால் அவருக்கு ஜின்கள் கட்டுப்பட்டதைச் சின்னப்பிள்ளையும் சொல்லும்.) அதில் பெயர் தனியாக வேலை செய்வதில்லை. வட்டம், முத்திரை, எல்லாவற்றுக்கும் மேலே இறைவனின் நாமங்கள். அந்த அதிகாரத்தின் பலத்தில்தான் மந்திரவாதி ஆவியை அதட்டுகிறான். அம்மப்பாவும் காளியின் பெயரில்தான் அதட்டினார், தன் பெயரில் இல்லை. மேலே உள்ள பெயரை விட்டுவிட்டுக் கீழே உள்ள 72ஐ மட்டும் எடுத்துக்கொள்வதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

நாமே பெயர் வைத்து உருவாக்கும் முறையும் இருக்கிறது. 1970களில் இங்கிலாந்தில் தொடங்கிய கேயாஸ் மேஜிக்கில் அதை 'சர்விட்டர்' என்பார்கள். ஒரு வேலைக்காக உண்டாக்கி, பெயரும் குறியும் கொடுத்து, வேலை முடிந்ததும் கலைத்துவிடுவது. அது தங்கள் மனம் செய்த பொருள் என்று அவர்களில் பலர் ஒளிக்காமலே சொல்வார்கள். ஆசை என்றால் அதைச் செய்து பாருங்கள். ஏற்கெனவே வீட்டில் நடமாடுவதாக நீங்கள் நினைக்கும் ஒன்றுக்கு மட்டும் பெயர் வைக்க வேண்டாம்.

அப்படி ஒன்று உண்மையிலேயே உங்களைத் தொந்தரவு செய்வதால் கேட்கிறீர்கள் என்றால், முதலில் காசைச் சொல்லிவிட்டுப் பிறகு பெயரைச் சொல்லும் ஆளிடம் போகாதீர்கள். குரல் கேட்கிறது, நித்திரை இல்லை என்றால் மனநல வைத்தியரைப் பாருங்கள். அம்மப்பாவே சிலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்: "இதில கேக்கிறதுக்கு ஒரு பேருமில்ல, டொக்டரிட்டக் கொண்டு போங்க."