கேபின் வைத்த பழைய வள்ளம் வாங்கலாமா?

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தவன் நான். இதுவரை திறந்த பைபர் படகில் விடியற்காலை போய் மதியம் திரும்பும் தொழில். இப்போது இரவு தங்கி வலை போடுவதற்காக, மைத்துனருடன் சேர்ந்து ஒரு பழைய பைபர் வள்ளத்தைப் பார்த்திருக்கிறோம். 32 அடி நீளம், 8 அடி அகலம், உள்ளே டீசல் எஞ்சின், நான்கு பேர் படுக்கக் கேபின். கட்டி 13 ஆண்டுகள் ஆகின்றன. எஞ்சினைப் புதிதாகப் பிரித்துச் சேர்த்ததாகவும், பெயின்ட் புதிது என்றும் தரகர் சொல்கிறார். விலை ஒன்பது லட்சம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஐம்பதாயிரம் முன்பணம் வேண்டுமாம். 13 வயதுப் படகு தாங்குமா?

பதில்: படகின் வயதைக் கேட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பைபர் இழைகளை ஒட்டி இறுக்கும் ரெசின் என்ற பிசினைச் சரியாக ஊறவிட்டுக் கட்டிய உடல் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள்கூட உழைக்கும். நீங்கள் தரகரிடம் கேட்டிருக்க வேண்டியது வேறு: அந்தக் கேபினுக்கு என்ன வயது? படகோடு சேர்த்துக் கட்டியதா, பிறகு யாரோ ஏற்றி வைத்ததா?

இதை ஏன் முதலில் கேட்கிறேன் என்றால், நம் கரையில் விற்பனைக்கு வரும் கேபின் வள்ளங்களில் பல, திறந்த படகாகப் பிறந்தவை. தங்கல் தொழிலுக்குத் தேவை வந்ததும் பிளைவுட் சுவர் எழுப்பி, மேலே ஒரு சுற்று பைபர் இழை விரிப்பு வைத்து ரெசின் பூசிக் கேபின் ஆக்கிவிடுகிறார்கள். பிறகு அதன் கூரையில் வலை ஏறும், டீசல் கேன் ஏறும், சூரிய மின்பலகை ஏறும். கீழே எடை கூடாமல் மேலே மட்டும் கூடினால், சாய்ந்த படகு நிமிர்ந்து வரச் சுணங்கும். பக்கவாட்டில் கச்சான் காற்று கிளப்பும் ஓர் அலை அடிக்கும்போதுதான் அது தெரியவரும். அதுவும் இரவில், நால்வரில் மூவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். காற்றில்லாத வேளையில், ஒதுக்கமான நீரில் படகை நிறுத்துங்கள். கட்டுக்கயிறுகள் தளர்வாக இருக்கட்டும். வெறும் படகாகச் சோதிக்கக் கூடாது. டீசல், ஐஸ், வலை, தண்ணீர் எல்லாம் தொழிலுக்குப் போகும்போது எங்கே இருக்குமோ அங்கே இருக்க வேண்டும். ஐஸ் கிடைக்காவிட்டால் அதே எடைக்கு மணல் மூட்டை வையுங்கள். ஒருவர் படகின் விளிம்பில் தாளம் தப்பாமல் மிதித்துப் படகை ஆட்டட்டும். நன்றாக ஆடத் தொடங்கியதும் மிதிப்பதை நிறுத்திவிட்டு, கைபேசியில் நேரம் பாருங்கள். இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் சாய்ந்து, மறுபடி இடப்பக்கம் வந்தால் அது ஓர் ஆட்டம். நான்கைந்து ஆட்டங்களுக்கான நேரத்தை எண்ணிக்கையால் வகுங்கள். வரும் விநாடிகள், படகின் அகலத்தை மீட்டரில் சொன்னால் வரும் எண்ணைவிடக் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் படகின் 8 அடி என்பது ஏறத்தாழ 2.4 மீட்டர். ஓர் ஆட்டத்துக்கு 2 விநாடி என்றால் பெரும்பாலும் கவலையில்லை. 3 விநாடி என்றால் அந்தப் படகை விட்டுவிடுங்கள், அல்லது கேபினைக் குறைத்துத் தந்தால் மறுபடி பார்க்கலாம் என்று சொல்லுங்கள். இது தோராயமான சோதனைதான். ஆனால் செலவில்லாதது.

தரகர் இதற்கு நேர்மாறாகப் பேசுவார். "தொட்டில் போல மெதுவாக ஆடுகிறது பாருங்கள், உடம்பு நோகாது" என்பார். மெதுவாக ஆடும் படகு உடம்புக்குச் சுகம்தான், உயிருக்குத்தான் ஆபத்து. வெடுக்கென்று நிமிரும் படகே உங்களுக்கு வேண்டியது.

பதிவுக்கான ஆய்வில் இதை யாராவது பார்த்திருப்பார்கள் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நான் பார்த்த வரையில் நீளத்தை அளக்கிறார்கள், எஞ்சின் எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள். மாலை ஐந்து மணிக்குள் பத்துப் படகுகளைப் பார்த்தாக வேண்டிய மனிதர், ஒரு படகை ஆட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாதுதான். ஆனால் ஆட்டிப் பார்க்கச் சொல்லி விண்ணப்பத்தில் ஒரு கட்டம்கூட இல்லாதபோது அவரைக் குறைசொல்லி என்ன பயன்? பதிவெண் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதில் காட்டும் கண்டிப்பில் கால்பங்கு, கேபினுக்கு இரண்டாவது வழி இருக்கிறதா என்பதில் காட்டியிருந்தால் போதும்.

அந்த இரண்டாவது வழியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கதவு ஒன்று போதாது. கூரையிலோ முன்பக்கத்திலோ, தோள் அகலமுள்ள ஆள் நுழைந்து வெளியேறும் அளவுக்கு ஒரு திறப்பு வேண்டும். அது உள்ளிருந்தே திறக்க வேண்டும். வலையைக் கூரைத் திறப்பின்மேல் குவிக்கிறார்கள் என்றால் அந்தத் திறப்பு இல்லாததற்குச் சமம். சமையல் எரிவாயு காற்றைவிட எடை கூடியது. கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும், பிறகு ஒரு தீப்பொறி போதும். ஆகவே சிலிண்டர் கேபினுக்கு வெளியே இருக்கட்டும். பெட்ரோல் ஜெனரேட்டரை எக்காரணம் கொண்டும் உள்ளே வைத்து ஓட்டக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. மூடிய அறையில் தூங்குபவர் அப்படியே போய்விடுவார்.

இனி உடல். புதுப் பெயின்ட் அடித்த பழைய படகை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். விற்பதற்கு முந்தைய வாரம் பெயின்ட் அடிப்பது எதையாவது மறைப்பதற்கு. படகைக் கரையேற்றி, அடிப்பகுதி காய்ந்த பிறகு, சிறு சுத்தியலால் ஏரா (படகின் அடிநடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) முழுவதும், பிறகு அமரத்தின் (படகின் பின்முனை) பின்பலகை, எஞ்சின் படுக்கை என்று தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்கும் ஓசை ஓரிடத்தில் மந்தமானால் அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன, அல்லது உள்ளே பலகை ஊறியிருக்கிறது. கொப்புளங்களைக் குத்திப் பார்க்கும்போது புளிப்பு நெடி அடிக்கும் நீர் வந்தால், ரெசினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. எஞ்சின் படுக்கையைச் சுற்றி நட்சத்திர வடிவில் விரிசல் இருந்தால் அதிர்வு தாங்காமல் இளகியிருக்கிறது. பின்பலகையில் சிறு துளை போட்டுப் பார்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும். துளைக்கும்போது வரும் தூள் காய்ந்து வெளுத்திருந்தால் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் பலகை அழுகிவிட்டது. துளைக்க விடாதவரிடம் மேற்கொண்டு பேசுவதில் பொருளில்லை.

மரத்தின்மேல் பைபர் போர்த்திய வள்ளத்தைக் காட்டினால் வாங்கவே வேண்டாம். ஊறிப்போன பழைய மரத்தின் ஒழுகலை நிறுத்தத்தான் பெரும்பாலும் போர்த்துகிறார்கள். ஈரம் உள்ளேயே அடைபட்டு, வெளியே பளபளப்பும் உள்ளே அழுகலுமாக நிற்கும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தரகர்கள் அந்த விலக்கைத்தான் எல்லாப் படகுக்கும் பொருத்துவார்கள். படகு புதிதாகக் கட்டப்பட்டபோதே, நன்றாகக் காய்ந்த மரத்தின்மேல், தண்ணீரில் ஒருமுறைகூட இறக்காமல் போர்த்தியிருந்தால் அது தாங்கும். அதுவும் எபாக்சி ரெசின் என்றால் மட்டும். சாதாரண பாலியெஸ்டர் ரெசின் மரத்தை அவ்வளவாகப் பிடித்துக்கொள்ளாது, சில ஆண்டுகளில் உரிந்துவிடும். அதுவும் உட்புறம் மூடாமல், வங்குகளுக்கு (படகின் விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்கள்) இடையே மரம் கண்ணுக்குத் தெரியும்படி காற்றாட விட்டிருந்தால் மட்டும். அதுவும் பிறகு யாரும் ஆணி, திருகு என்று போர்வையைத் துளைக்காமல் இருந்தால் மட்டும். ஒரு துளை போதும், வழிந்த நீர் அடுத்த நான்கு அடிக்கு ஓடும். இத்தனைக்கும் சாட்சி, படகைக் கட்டிய ஆசாரிதான். அவரைத் தேடிப் பிடித்துப் பேச முடிந்தால் மட்டும் அந்தப் படகை யோசியுங்கள். முடியாவிட்டால், விலக்கு உங்களுக்கு இல்லை.

எஞ்சின் பற்றிச் சுருக்கமாக. சொல்லாமல் கொள்ளாமல் காலையில் போய்க் கையை எஞ்சின்மேல் வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்துவிட்டு இன்னொரு நாள் போங்கள். ஆறிக் கிடக்கும் எஞ்சின் முதல் முயற்சியிலேயே கிளம்ப வேண்டும். நீலப் புகை நிற்காமல் வந்தால் எண்ணெய் எரிகிறது. சூடேறிய பிறகும் வெண்புகை என்றால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பாருங்கள். எண்ணெய் வெளுத்துக் குழம்பியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. லாரி எஞ்சினை இறக்கி வைத்திருந்தால், கடல்நீர் நேரடியாக எஞ்சினுக்குள் ஓடுகிறதா, வெப்பமாற்றி வழியாகக் குளிர்கிறதா என்று கேளுங்கள். நேரடியாக ஓடினால் துரு உள்ளிருந்து தின்றுகொண்டிருக்கும். கரையில் இருக்கும்போதே படகைத் தள்ளும் விசிறியைப் (புரொப்பெல்லர்) பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள்; தண்டு ஆடினால் பேரிங் போயிருக்கிறது. இதற்கெல்லாம் தரகர் கூட்டி வரும் மெக்கானிக் வேண்டாம். அவருக்குக் கூலி கொடுப்பது யார் என்பது உங்களுக்கே தெரியும்.

தரகரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவதில் எனக்குப் புகார் இல்லை, அது அவர் பிழைப்பு. கரையில் மீனை ஏலம் விடும் ஏலக்காரருக்குப் படகின்மேல் உள்ள பாக்கியை அவர் மறைப்பதுதான் கொடுமை. படகுக்காரர் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கியிருப்பார். அது தீரும்வரை அந்தப் படகின் மீன் அவரிடம்தான் போக வேண்டும் என்பது கரை வழக்கம். எந்த ஆவணத்திலும் இது இருக்காது. முதல் மீனை நீங்கள் கரையிறக்கும் அன்று அவர் வந்து நிற்பார். ஆகவே விற்பவர், ஏலக்காரர், ஊர்க் கமிட்டி ஆட்கள் மூவரையும் ஒன்றாக உட்கார வைத்து, பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். வங்கிக் கடன் இருந்தால் தடையின்மைச் சான்று தனியாக வேண்டும்.

பதிவுச் சான்றின் அசலைக் கையில் வாங்கிப் படியுங்கள். பதிவெண்ணின் நடுவில் 'எம்.எம்.' என்று இருந்தால் விசைப்படகு, 'எம்.ஓ.' என்று இருந்தால் மோட்டார் பொருத்திய நாட்டுப்படகு. இந்த இரண்டெழுத்தை வைத்துத்தான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் உங்களைக் கட்டுமா, எவ்வளவு மானிய டீசல் கிடைக்கும் என்பதெல்லாம் தீர்மானமாகும். தூத்துக்குடியில் விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் போய் இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடு நெடுநாள் தகராறு. நீங்கள் வாங்குவதே இரவு தங்க. தாள் ஒரு வகை, படகு ஒரு வகை என்றிருந்தால் நாளை பிடிபடப்போவது தரகர் அல்ல. மீன்வளத் துறை அலுவலகத்தில் பதிவெண்ணைக் கொடுத்து, இந்தப் படகு இந்த எஞ்சினோடு இரவு தங்கலாமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். "பெயர் மாற்றம் மெதுவாகச் செய்துகொள்ளலாம், மானிய டீசல் புத்தகத்தையும் சேர்த்தே தருகிறேன்" என்பது தூண்டிலில் மாட்டிய இரை. பெயர் மாறாமல் கடலுக்குப் போய் விபத்து நேர்ந்தால், காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் உங்கள் குடும்பம் எந்தத் தாளைக் காட்டும்?

ஒன்பது லட்சத்தில் எல்லாவற்றையும் செலவழித்துவிடாமல் கொஞ்சம் ஒதுக்கி, வி.எச்.எஃப். வானொலி, ஆளுக்கொரு மிதவை அங்கி, தானாக இயங்கும் நீரிறைப்பான், இரவு விளக்குகள் வாங்குங்கள். வானொலியில் அவசர அழைப்புக்கான 16ஆம் சேனல் எப்போதும் திறந்திருக்கட்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த பலருக்குச் செய்தி போய்ச் சேரவே இல்லை. சிக்னல் கிடைக்கும் தூரத்தில் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

முன்பணத்தைப் பொறுத்தவரை: ஞாயிற்றுக்கிழமைக்குள் தர வேண்டாம். கரையேற்றித் தட்டிப் பார்த்து, பாரம் ஏற்றி ஆட்டிப் பார்த்து, அசல் சான்றைப் படித்த பிறகு, தரகர் கையில் கொடுக்காமல் உரிமையாளரின் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். சோதனையில் படகு தேறாவிட்டால் பணம் திரும்ப வரும் என்ற வரியும் அந்த ஒப்பந்தத் தாளில் இருக்க வேண்டும். அதற்குள் வேறு யாராவது வாங்கிவிட்டால் வாங்கிப் போகட்டும். தடைக்காலம் வந்தால் கரையேறி நிற்கும் படகுகளில் விற்பனைக்கு வருபவை குறையாது.