மாநாட்டுப் பையில் என்ன இருக்க வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நாங்கள் பாலக்கோடு வட்டத்தைச் சேர்ந்த ஐந்து பேர். பம்பை, உடுக்கை, கிட்டார் மூன்றையும் சேர்த்து வாசிக்கிறோம். சொந்தமாக ஆறு பாடல்களைப் பதிவு செய்து யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் வெளியிட்டிருக்கிறோம். மும்பையில் நடக்கவிருக்கும் இசைத்தொழில் மாநாட்டுக்கு இரண்டு பேரை அனுப்பலாம் என்று, பண்டிகைக் காலத்தில் கோயில்களில் வாசித்துச் சேர்த்த பணத்தை எடுத்து வைத்திருக்கிறோம். போனால் பலன் உண்டா? போவதானால் எப்படித் தயாராக வேண்டும்? – ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: பலன் உண்டு. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற வகையில் அது வராது. பாட்டைக் கேட்ட மாத்திரத்தில் ஒப்பந்தம் போட ஆள் கிடைப்பார் என்று நம்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். நான் முதன்முதலாக இப்படியொரு மாநாட்டுக்குப் போனபோது நாற்பது குறுந்தகடுகளைச் சுமந்து சென்று, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். மாலையில் அரங்கம் காலியான பிறகு பார்த்தால், கடைசி வரிசை நாற்காலிக்கடியில் என் கையெழுத்திட்ட உறையோடு இரண்டு தகடுகள் கிடந்தன. அவற்றைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்தபோதுதான், எதைக் கொண்டு வந்திருக்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது.

நீங்கள் கொண்டுபோக வேண்டியது ஆறு தாள்கள், பாட்டுக்கு ஒன்றாக. புறப்படுவதற்கு முன் ஒரு நாள் மாலை ஐந்து பேரும் உட்கார்ந்து, வரிகளை எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார், பாடியவர் யார், எந்தக் கருவியை யார் வாசித்தார், ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதையெல்லாம் எழுதி, வருமானத்தில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று முடிவு செய்து, ஐந்து பேரும் கையெழுத்திடுங்கள். மெட்டு உங்கள் ஊர்க் கோயிலில் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்டு வருவதாக இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். மரபு மெட்டுக்கு எவரும் தனியுரிமை கொண்டாட முடியாது. அதன்மேல் நீங்கள் புதிதாகக் கட்டியிருக்கும் வரிகளும் இசையமைப்பும் உங்களுடையவை. அந்த மெட்டைச் சொல்லிக்கொடுத்த பெரியவரின் பெயரும் தாளில் இருக்கட்டும். அது அவருக்கு நீங்கள் செய்ய வேண்டிய மரியாதை.

இந்தத் தாள் இத்தனை முக்கியமாவதற்குக் காரணம் இருக்கிறது. விளம்பரத்துக்கோ இணையத்தொடருக்கோ பாட்டுத் தேடி வருகிறவர், பாட்டு பிடித்துப்போன அடுத்த நிமிடமே, “இது யாருடையது, அனுமதி கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா?” என்றுதான் கேட்பார். “ஊரில் மற்ற மூவரையும் கேட்டுச் சொல்கிறேன்” என்று நீங்கள் இழுத்தால், அவர் அனுமதி உடனே கிடைக்கிற வேறொரு பாட்டைத் தேடிப் போய்விடுவார். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அதை அடையாளம் காட்ட, எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 12 இடங்கள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு ஒன்று உண்டு. உங்கள் பாடல்களை இணையத்தில் ஏற்றிய விநியோக நிறுவனத்தின் கணக்கில் அதைப் பார்த்து அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வரி எழுதியவரும் மெட்டமைத்தவரும், 1969-இல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் இன்னும் உறுப்பினராகவில்லை என்றால் உடனே விண்ணப்பிக்க வேண்டும். வானொலியிலும் மேடையிலும் இணையத்திலும் பாட்டு ஒலிக்கும்போது அவர்களுக்கு வர வேண்டிய ராயல்டியை வசூலித்துக் கொடுப்பது அந்தச் சங்கம்தான். பாடகர்களுக்கென 2013-இல் தனிச் சங்கம் பதிவு செய்யப்பட்டிருக்கிறது.

அடுத்தது ஆட்களைத் தேர்ந்தெடுப்பது. மாநாட்டில் யார் யார் பேசுகிறார்கள் என்ற பட்டியல் முன்கூட்டியே வெளியாகும். அதில் உங்களுக்கு உண்மையிலேயே உதவக்கூடிய ஆறு பேரை மட்டும் குறித்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு முன்பே நான்கு வரியில் கடிதம் எழுதிப் பத்து நிமிடம் கேளுங்கள். ஆறு பேரில் இரண்டு பேர் பதில் எழுதினாலும் உங்கள் பயணச் செலவுக்கு நியாயம் கிடைத்துவிடும். எல்லா அமர்வுகளிலும் உட்கார வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ராயல்டி, உரிமம் ஆகியவை பற்றிய அமர்வுகளைத் தவறவிடாதீர்கள். பெரிய நட்சத்திரங்களின் உரையாடல்களைப் பிறகு காணொளியாகவும் பார்த்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் காபி மேசை அருகே நில்லுங்கள். யாராவது கேட்கத் தயாரானால், முகப்பிசையிலிருந்து தொடங்காமல், பம்பை நுழைகிற இடத்திலிருந்து முப்பது வினாடி மட்டும் போட்டுக் காட்டுங்கள். பாட்டு கைப்பேசியிலேயே சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். அத்தனை கூட்டத்தில் இணையம் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. உடுக்கையையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் அனைவரும் கூடிப் பேசும் நேரத்தில், “இது என்ன கருவி?” என்று ஒருவர் கேட்க, நடுவில் உள்ள கயிற்றை அழுத்தி அதன் ஒலி ஏறி இறங்குவதை வாசித்துக் காட்டினால், அவர் உங்கள் முகத்தை மறக்க மாட்டார்.

எந்தத் தாளிலும் அங்கேயே கையெழுத்திட வேண்டாம். இதை நான் வேதனையோடு சொல்கிறேன். மாநாட்டுக் கூடத்திலேயே ஒரு நிறுவனத்தார் நீட்டிய இரண்டு பக்க ஒப்பந்தத்தில் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டு, என் நான்கு பாடல்களை “உலகம் முழுவதற்கும், எக்காலத்துக்கும்” எழுதிக் கொடுத்தவன் நான். ஒப்பந்தத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் அந்த இரண்டு சொற்களையும் அவர்கள் கவனமாக எழுதிக்கொள்கிறார்கள். 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டி பெறும் உரிமையைத் தம் வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, “ஊருக்குப் போய் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு அனுப்புகிறேன்” என்று சொல்லுங்கள். அதற்குக் கோபப்படுகிறவரோடு தொழில் செய்ய வேண்டியதில்லை.

கேள்வி: ஓசூரில் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன், பாடல்கள் எழுதுகிறேன். ஆங்கிலமும் இந்தியும் சரளமாக வராது. நான் இத்தகைய மாநாட்டுக்குப் போகலாமா? – ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் முதல் பயணம் மும்பைக்கு வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் பெங்களூரு இருக்கிறது. அங்கே நடக்கும் ஒருநாள் பயிலரங்குகள், இசைக்கலைஞர் சந்திப்புகள் ஆகியவற்றுக்கு விடுமுறை நாளில் பேருந்தில் போய்ப் பழகிக்கொள்ளுங்கள். நீங்கள் யார், என்ன எழுதுகிறீர்கள், யாரைத் தேடி வந்திருக்கிறீர்கள் என்ற மூன்று வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதி, தயங்காமல் சொல்ல வரும்வரை சொல்லிப் பாருங்கள். அதற்குமேல் பேச வேண்டி வந்தால், தமிழ் தெரிந்தவர் ஒருவராவது அங்கே பெரும்பாலும் இருப்பார். சென்னையிலிருந்து வருகிறவர்களைப் பட்டியலில் முன்பே பார்த்து வையுங்கள். பாடலாசிரியருக்கு மெட்டமைப்பவரின் அறிமுகம்தான் முதல் தேவை. அதனால் நிறுவனத் தலைவர்களைத் தேடி அலையாமல், உங்களைப் போலவே தனியாக வந்து ஓரமாக நிற்கும் இளம் இசையமைப்பாளரிடம் முதலில் பேசுங்கள்.

கேள்வி: பென்னாகரம் பக்கத்தில் தெருக்கூத்துக் குழு நடத்துகிறோம். எங்களைப் போன்றவர்களுக்கும் இத்தகைய மாநாடுகளில் இடம் உண்டா? – ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: இசை மாநாடு என்பது நம் மண்ணுக்குப் புதியதன்று. தஞ்சாவூரில் இசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதர் 1912-இலேயே சங்கம் வைத்து மாநாடுகள் கூட்டினார். 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபையையொட்டி நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாகத்தான் மியூசிக் அகாடமி பிறந்தது. அவை ஆராய்ச்சிக்கான கூட்டங்கள். இன்றைய தொழில் மாநாடு வாங்குவோரும் விற்போரும் கூடும் சந்தை. உங்களுக்குப் பொருத்தமானவை, விழா அமைப்பாளர்கள் கலைக்குழுக்களைத் தேடி வரும் கூட்டங்கள். 1994-இல் தொடங்கி ஐரோப்பிய நகரங்களில் நடந்துவரும் வோமெக்ஸ் அவற்றில் பெரியது. பல நாட்டு மரபிசைக் குழுக்கள் அங்கே போகின்றன. மேடையில் நிகழ்த்திக் காட்டுவதற்குத் தனி விண்ணப்பம் உண்டு, அது மாநாட்டுக்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். விடிய விடிய நடக்கும் கூத்திலிருந்து நாற்பது நிமிட வடிவம் ஒன்றை இப்போதே ஒத்திகை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டியங்காரன் வருகையும் அடவுகளும் அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

கேள்வி: சென்ற மாதம் ஒரு மாநாட்டுக்குப் போய் இருபதுக்கும் மேற்பட்ட முகவரி அட்டைகளோடு திரும்பினேன். நான் பாடகி. இனி என்ன செய்வது? – ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: திரும்பிய மூன்று நாட்களுக்குள் எழுதியிருக்க வேண்டும், அம்மா; இருந்தாலும் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும் அவரோடு என்ன பேசினீர்கள் என்று நினைவிருக்கும் அளவுக்கு எழுதுங்கள். எதுவுமே நினைவுக்கு வராத அட்டைகளை ஒதுக்கிவிடுங்கள். அவருக்கும் உங்களை நினைவிருக்காது. மீதமுள்ளவர்களுக்குத் தனித்தனியாக, பேசிய செய்தியை முதல் வரியில் நினைவூட்டி, பாட்டுக் கோப்பைச் சேர்த்து அனுப்பாமல், பாட்டு இருக்கும் இணையப் பக்கத்தின் இணைப்பு ஒன்றை மட்டும் வைத்து எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் அது படிக்கப்படாது. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை எழுதலாம். அதற்கும் வராவிட்டால் அடுத்த பாட்டு வெளியாகும்வரை காத்திருங்கள். அந்த இணைப்பில் இருப்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் திருத்திய குரல் மட்டும் என்றால், மேடை நிகழ்ச்சிக்கு ஆள் தேடுகிறவருக்கு அது போதாது. வீட்டு மாடியில் தம்பூரா ஒலியோடு ஒரே தொடர்ச்சியாக நான்கு நிமிடம் பாடிக் கைப்பேசியில் எடுத்து, அதை ஏற்றிய பிறகு முதல் கடிதத்தை எழுதுங்கள்.