ஐஸ் பெட்டியும் உப்புப் பாத்தியும்: வெப்பம் குறித்த கேள்வி பதில்

கேள்வி (பாம்பன், விசைப்படகு உரிமையாளர்): ஐயா, ஐஸ் பெட்டியில் விடியற்காலையில் வெப்பமானி வைத்தாலும் உச்சிவெயிலில் வைத்தாலும் 0 டிகிரிதான் காட்டுகிறது. ஐஸ் மட்டும் பாதியாகிவிடுகிறது. உள்ளே போன சூடெல்லாம் எங்கே போகிறது?

பதில்: ஐஸ் உருகுவதிலேயே அது செலவாகிறது. வெப்பம் என்பது சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் பாயும் ஆற்றல். வெப்பநிலையோ பொருளின் துகள்கள் எவ்வளவு விரைவாக அசைகின்றன என்பதைக் காட்டும் அளவு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. பலகையின் வழியே நுழையும் வெப்பமும் மீன் விடும் வெப்பமும் பனிக்கட்டியின் மூலக்கூறுகளைப் பிணைத்திருக்கும் கட்டைத் தளர்த்துவதற்கே போய்விடுவதால், ஐஸ் முழுதும் கரையும்வரை வெப்பமானி ஏறுவதில்லை. இதையே உள்ளுறை வெப்பம் என்கிறோம். 1760-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜோசப் பிளாக் இதனை அளந்து காட்டினார். 1 கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். அதே 1 கிலோ, 0 டிகிரித் தண்ணீராக இருந்து 30 டிகிரிக்கு ஏறுவதற்கு 125 கிலோஜூல் போதும். குளிர்ந்த தண்ணீரை நம்பாமல் நீங்கள் ஐஸை உடைத்து ஏற்றிச் செல்வதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

கேள்வி (அதே அன்பர்): ஐஸில் கல் உப்பைத் தூவினால் குளிர் கூடுகிறதே, உப்புக்குள் குளிர் இருக்கிறதா?

பதில்: இல்லை. உப்பு கலந்த நீர் 0 டிகிரியில் உறையாது. ஆகவே ஐஸ் தொடர்ந்து உருகுகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தை வெளியிலிருந்து வருவதற்கு முன்பே தன்னிடமிருந்தும் பக்கத்திலுள்ள மீனிடமிருந்தும் எடுத்துக்கொள்வதால் வெப்பநிலை இறங்குகிறது. சரியான அளவில் கலந்தால் −21 டிகிரி வரை இறங்கும். ஆனால் ஐஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், பல நாள் தங்கும் படகுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி (வாலிநோக்கம், உப்பளத் தொழிலாளி): பாத்தித் தண்ணீர் கொதிக்காமலே வற்றுகிறது. வெயில் ஒரே மாதிரி இருந்தும், காற்றுள்ள நாளில் ஏன் கூடுதலாக வற்றுகிறது?

பதில்: ஆவியாவதற்கு 100 டிகிரி தேவையில்லை. மேற்பரப்பில் விரைந்து அசையும் மூலக்கூறுகள் எந்த வெப்பநிலையிலும் பிரிந்து செல்கின்றன. பாத்திக்கு மேலே ஈரக்காற்று தேங்கி நின்றால் அவற்றுள் பல திரும்பவும் நீரில் விழுகின்றன. வறண்ட காற்று வீசினால் ஈரம் அகன்று, போனவை திரும்புவதில்லை. 1 லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் சமையல் உப்பு படியத் தொடங்கும். அடர்த்தி ஏற ஏற உப்பு நீரைப் பிடித்து வைப்பதால், கடைசிப் பாத்தியில் வற்றுவது மந்தமாவதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

கேள்வி (சாயல்குடி, கருப்பட்டி காய்ச்சும் பெண்மணி): தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது என்று மகன் சொல்கிறான். பதநீர்ப் பாகு அதைவிடச் சுடுகிறதே?

பதில்: மகன் சொல்வது திறந்த பாத்திரத்திலுள்ள தூய நீருக்குப் பொருந்தும், அம்மா. பதநீரில் சர்க்கரை கரைந்திருப்பதால் அதன் கொதிநிலை சற்றே உயர்ந்திருக்கும். நீர் ஆவியாகிச் சர்க்கரையின் பங்கு கூடக்கூட அது 110 டிகிரியையும் தாண்டும். பாகில் ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்க்கிறீர்களே, அந்தச் சொட்டு உருண்டு திரள்வதே நீர் எவ்வளவு வெளியேறியது என்பதற்கான அளவுகோல். தோலில் ஒட்டிக்கொண்டு தன் வெப்பத்தை விடாது இறக்குவதால் பாகுக் காயம் கொதிநீர்க் காயத்தைவிடக் கடுமையானது. சிரட்டையில் ஊற்றும்போது பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.